காலுக்குப் பிந்திய கை

திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நாலு பேரிடம் வழி கேட்டு அந்தப் பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்துப் போன சௌடம்மாளை, வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் தப்பான நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மேசையில் இரண்டு நோட்டுகள் இருந்தன. பச்சை அட்டை போட்டது படிக்க வந்தவர்களுக்கு. பழுப்பு அட்டை போட்டது, பாட்டுத் தெரிந்தவர்களைச் சுற்றுப்பட்டியிலிருந்து வரவழைத்திருந்தார்களே, அவர்களுக்கு. 1971 மே மாதம். மதுரையில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பொன்ராஜ் என்பவர், லீவில் காலியாகக் கிடந்த பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்கி, பத்து நாளைக்கு நாட்டுப்பாட்டுக் கோடைப் பள்ளி நடத்தினார். படிக்க வந்திருந்த முப்பத்தொரு பெண்களும் ஆரம்பப் பள்ளி டீச்சர்கள், இல்லையென்றால் டிரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவர்கள். ஆளுக்கொரு கைக்கடிகாரம், ஆளுக்கொரு பேனா. சௌடம்மாள் கையில் மஞ்சள் பை. வயது முப்பத்தெட்டு. ஆளைப் பார்த்ததுமே பழுப்பு நோட்டு தானாகப் பிரிந்துகொண்டது.

"தாலாட்டு பாடுவீங்களாம்மா, ஒப்பாரியா?" என்று பொன்ராஜ் ஆசையோடு கேட்டார்.

"நான் பாட வரலைய்யா. படிக்க வந்திருக்கேன்."

"அருப்புக்கோட்டை நெசவாளர் குடும்பம்கிறீங்க. வீட்டுப் பாஷையில தறிப் பாட்டு இருக்குமே?"

"இருக்கும். அது வீட்டுல இருக்கு. எனக்குக் கும்மி வராது, அதப் படிக்கத்தான் வந்தேன். நோட்டீசுல வயசு வரம்பு இல்லன்னு போட்டிருந்துச்சு." இதைச் சொல்லிவிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஐந்து ரூபாயை மேசையில் வைத்தாள். பத்து நாளும் அங்கேயே தங்கிச் சாப்பிட்டுப் படிப்பவர்களுக்கு அதுதான் கட்டணம். பழுப்பு நோட்டுக்காரர்களுக்குக் கட்டணமும் கிடையாது, மூன்று வேளை சோறும் உண்டு. சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று காசு கொடுத்து மாணவியாக வருகிற ஆளை பொன்ராஜ் அதற்கு முன்னால் பார்த்திருக்கமாட்டார். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே பழுப்பில் அடித்துவிட்டுப் பச்சையில் முப்பத்திரண்டாவது பெயராக எழுதினார்.

சௌடம்மாளுக்கு இது விளையாட்டுக் காரியமாக இருக்கவில்லை. அவள் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். அதற்கு மேல் வீட்டில் நூலைத் தார்க் குச்சியில் சுற்ற ஆள் வேண்டியிருந்தது, ராட்டை முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். பதினொரு வயதில் தறிக்குழிக்குள் காலைத் தொங்கப்போட்டவள், கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, ஒரு பெண்ணைக் கட்டியும் கொடுத்தாயிற்று, இன்னும் தறிக்குழியைவிட்டு ஏறவில்லை. வீட்டுக்குள் கன்னடம், வாசற்படி தாண்டினால் தமிழ் என்று இரண்டு பாஷையிலும் குறையில்லாமல் சண்டை போடத் தெரியும். தெரியாதது ஒன்றுதான்.

இரண்டு தெரு தள்ளி ஓர் அம்மன் கோயில். பொங்கலுக்கு முளைப்பாரி தூக்கி வந்து நடுவில் வைத்து, சுற்றிலும் பெண்கள் கும்மி கொட்டுவார்கள். சௌடம்மாள் சின்ன வயதிலிருந்து வட்டத்துக்கு வெளியே நின்று பார்த்தவள். பாட்டெல்லாம் காதில் ஏறிக் கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருத்தி, "வாங்க மதினி, எத்தன நாளைக்கு வேடிக்க பாப்பீக" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள். இவளும் சந்தோஷமாகக் கொட்டினாள். எல்லாருடைய கையும் ஒரே சத்தமாக விழுந்தது. அது அடங்குகிற நேரத்தில் இவள் கை மட்டும் தனியாக ஒரு 'டப்'. அடுத்த சுற்றிலும் அதே 'டப்'. "தறிக்கார மதினிக்குக் கை மட்டும் அடுத்த பஸ்ஸுல வருது" என்று யாரோ சொல்ல, வட்டமே நின்று சிரித்தது. கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் பிறகு அந்தப் பக்கம் அவள் போகவில்லை. போகாமல் இருந்தாளே தவிர, மனசு அந்த வட்டத்தைவிட்டு வரவில்லை. ஒரு தடவையாவது அதற்குள் நின்று, பத்தோடு பதினொன்றாகக் கொட்டிவிட வேண்டும் என்ற எண்ணம் அவளைப் பிடித்துக்கொண்டது.

பஸ் ஸ்டாண்டில் கொடுத்த நோட்டீசை அவள் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டியபோது புருஷன் அப்பாசாமி சிரித்தான். வீட்டுப் பேச்சில் அவன் சொன்னதைத் தமிழில் போட்டால் இப்படி வரும்: "கும்மிக்குப் பள்ளிக்கூடமா? நாளைக்கு மூச்சு விடவும் டியூசன் வைப்பாக போல."

"தானா வந்தவுகளுக்கு வேண்டாம். எனக்கு வரலையே."

"பத்து நாள் தறி சும்மா கெடக்குமே?"

அவள் மறுநாளிலிருந்து விடியும் முன்பே குழியில் இறங்கி, தறியில் இருந்த பாவு நூல் முழுவதையும் பத்து நாள் முன்கூட்டியே நெய்து முடித்து, சேலைகளை மடித்து அவன் முன்னால் வைத்தாள். பஸ் ஏற்றிவிட அவனே வந்தான்.

கும்மி சொல்லிக்கொடுத்தவள் பெயர் பிச்சையம்மாள். திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமம், இருபத்தாறு வயது, களையெடுப்புக்கும் கதிரறுப்புக்கும் போகிறவள். இருநூறு பாட்டுக்குக் குறையாமல் தெரியும், ஒரு எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. படித்த டீச்சர்கள் அவளை, "பிச்சை, இந்த வரிய இன்னொருக்கச் சொல்லு" என்று அழைத்தார்கள். அவளும் சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சௌடம்மாள் மட்டும் முதல் நாளே, "டீச்சர், கால் எங்க வைக்கணும்?" என்றாள். பிச்சையம்மாள் டீச்சரைத் தேடிப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"எக்கா, என்னயவா கூப்பிட்டீக?"

"ஆமா டீச்சர்."

"வயசுல மூத்தவுக, பேரச் சொல்லியே கூப்பிடுங்கக்கா."

"சொல்லிக்குடுக்கிறவுகள வேற என்னன்னு கூப்பிட?" என்றாள் சௌடம்மாள். தன்னை மாணவி என்று எழுத வைத்தவளுக்கு, எதிரே ஒரு டீச்சர் இருந்தே ஆக வேண்டும்.

வட்டம் கட்டினார்கள். பிச்சையம்மாள் எடுத்துக் கொடுத்தாள்:

"கம்மங்காட்டுக்கு வேலி கட்டி - ஒரு
காடைக்குப் பந்தலும் போட்டு வச்சேன்
வந்த காடையும் தங்கலையே - இந்த
வானத்து மேகமும் நிக்கலையே"

கால் ஒன்று முன்னே வர, குனிந்து ஒரு தட்டு. அடுத்த கால், நிமிர்ந்து ஒரு தட்டு. முப்பத்தொரு ஜோடிக் கைகள் ஒன்றாக விழுந்தன. பிறகு 'டப்'. பக்கத்தில் நின்ற பாலவனத்தம் டீச்சர் செல்லக்கிளி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஒங்களுக்காகச் சிரிக்காம இருக்கத்தாங்க்கா பாக்கேன், முடியல" என்று மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

"எக்கா, கையும் காலும் ஒண்ணா விழணும்" என்றாள் பிச்சையம்மாள். "நீங்க கால வச்சிட்டு, அது நல்லா ஊனிருச்சான்னு பாத்துட்டு, அப்புறமாத் தட்டுறீக."

"இன்னொருக்கப் பாப்போம் டீச்சர்."

இன்னொருக்க, இன்னும் ஒன்பது தடவை. ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் பிச்சையம்மாள் எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டாள்: கடைசி நாள் ஊர்சனம் பார்க்கக் கும்மி நடக்கும், தட்டு சேராதவர்கள் வட்டத்தில் வேண்டாம், ஓரமாக உட்கார்ந்து பாடினால் போதும். அவள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. மற்ற எல்லாரும் சௌடம்மாளைப் பார்த்தார்கள். சௌடம்மாளுக்குப் பிச்சையம்மாள் மேல் கோபம் வரவில்லை. டீச்சர் என்றால் அப்படிச் சொல்லத்தானே வேண்டும்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் குண்டாற்றுக்குப் போனாள். பேர்தான் ஆறு, சித்திரை வெயிலில் ஈரம் பார்க்கத் தோண்டித்தான் ஆக வேண்டும். கால் வைக்கத் தோதான மணல். ஆடு ஓட்டிப் போகிறவர்கள் நின்று, நடு ஆற்றில் ஒருத்தி தனியாகக் கும்மி கொட்டுவதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்கள். என்ன நினைத்திருப்பார்கள் என்று அவளுக்கும் தெரியும், அதைப் பற்றிக் கவலைப்பட அவளுக்கு நேரம் இல்லை. காலை அசைக்காமல் கை மட்டும் தட்டினால் சரியாக விழுந்தது. கை தட்டாமல் காலை மட்டும் வைத்தால் அதுவும் சரி. இரண்டையும் சேர்த்தால் கை பிந்தியது. முந்தித் தட்டிப் பார்ப்போம் என்று வேண்டுமென்றே அவசரப்பட்டாள். கை பாதி வழியில் தானாக நின்று, கால் ஊன்றிய பிறகுதான் விழுந்தது. தன்னுடைய கையே தன் பேச்சைக் கேட்காதபோது யாரைப் போய்த் திட்டுவது? மணலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்த இடம் ஒரு பள்ளம். கால் கீழே தொங்கியது. தறிக்குழியில் உட்காருகிற அதே வாகு. அவளை அறியாமலே வலது கால் மிதியை மிதிக்கிற மாதிரி மணலை அமுக்கியது, கை, குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற நாடாவின் கயிற்றை இழுக்கிற மாதிரி அசைந்தது. இடது கால், மறுபடி கை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மிதியை மிதித்தால்தான் பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து வாய் திறக்கும். திறந்த பிறகுதான் நாடா ஓடலாம். கை ஒரு இமைப்பொழுது முந்தினாலும் நாடா இழையில் முட்டி அறுத்துவிடும். பதினொரு வயதில் அப்படி அறுத்து அப்பாவிடம் குட்டு வாங்கியிருக்கிறாள். இருபத்தேழு வருடமாகக் கால் முடிக்கட்டும் என்று காத்திருந்து பழகிய கை இது. கும்மி கொட்டுகிற இடத்தில் அறுவதற்கு இழை இல்லை என்பது கைக்கு எப்படித் தெரியும்?

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் துடைத்துப் போட்டுவிட்டு யோசித்தாள். ஊருக்குத் திரும்பினால் மறுபடி தறிதான், சோறு போடுகிற பழக்கத்தைக் கையிலிருந்து பிடுங்கிவிட முடியாது, பிடுங்கவும் கூடாது. கை காலுக்குப் பிந்தித்தான் வரும். அப்படியானால் கால் முந்தட்டும். பாட்டு விழுகிற இடத்துக்கு ஒரு இமை முன்னால் காலை வைத்துவிட்டால், பின்னால் வருகிற கை சரியாகப் பாட்டின் மேல் விழுந்துவிடும். வெறுங்கால், மணல் தரை. கால் எப்போது வைத்தோம் என்று யார் காதில் கேட்கப் போகிறது?

சொல்வது சுலபம். முதல் நாள் கால் முந்தியபோது பாட்டும் சேர்ந்து முந்தியது. மறுநாள் பாட்டு நின்றது, கால் தடுமாறியது. பகலில் வகுப்பில் 'டப்' விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தொடை வலித்தது. சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதும் வாய்க்குள் பாடிக்கொண்டு ஒரு காலை முன்னே வைத்து வைத்து எடுத்தாள். "ஒங்களுக்கு மாகாளி இறங்கிருச்சோன்னு பாத்தேன்க்கா" என்றாள் பின்னால் நின்ற செல்லக்கிளி.

ஏழாம் நாள் பிச்சையம்மாள் வட்டத்துக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பாட்டு நாலு சுற்றுப் போனது. கண்ணைத் திறக்காமலே, "பிந்துற தட்டு எங்க போச்சு? எக்கா வரலையா?" என்று கேட்டாள்.

"இருக்கேன் டீச்சர்."

பிச்சையம்மாள் கிட்ட வந்து, மறுபடி கொட்டச் சொல்லி, குனிந்து காலையே பார்த்தாள். களையெடுக்கிறவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"கள்ளத்தனம் பண்ணுறீகளேக்கா. காலு முந்துதே."

"காலு சத்தம் கேக்காதுல்ல டீச்சர்."

டீச்சராக இருப்பதில் உள்ள சங்கடம் பிச்சையம்மாளுக்கு அன்றுதான் புரிந்திருக்கும். கடைசியில் சிரித்துவிட்டாள். "கேக்காது. கை சேந்துருச்சு. வட்டத்துல நில்லுங்க."

அன்றைக்குச் சௌடம்மாள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

எட்டாம் நாள் மத்தியானம் பொன்ராஜ் அவளை வேப்பமரத்தடிக்கு வரச்சொன்னார். பெரிய டேப் ரிக்கார்டர் நாற்காலி மேல் உட்கார்ந்திருந்தது, அவர் கீழே உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"நாலு நாளாக் கவனிச்சேம்மா. எல்லாரும் காலோட சேர்த்துத் தட்டுறாங்க, நீங்க காலுக்குப் பின்னாடி தட்டுறீங்க. எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? உங்க சமூகத்துக்குன்னு ஒரு தனித் தாளம் இருந்திருக்கு. 'நெசவாளர் கும்மி, பின்தட்டு முறை'ன்னு எழுதி வச்சிருக்கேன். பத்தாம் நாள் உங்களுக்குத் தனியா மைக் வச்சிடலாம். நல்லா வந்தா ரேடியோவுக்கே அனுப்பலாம். இப்ப அந்தப் பழைய தட்டை ஒரு தடவை தட்டுங்க பார்ப்போம்."

சௌடம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உடம்பெல்லாம் சுர்ரென்று கோபம் ஏறியது. கோயிலில் வட்டமே நின்று சிரித்தபோது வராத கோபம், இந்த மனிதர் பாராட்டும்போது வந்தது. அவர்கள் தப்பைத் தப்பென்றாவது சொன்னார்கள்.

"அது முறை இல்லய்யா. தப்பு" என்றாள்.

"நீங்க அப்படி நினைக்கிறீங்க. மரபுங்கிறது..."

"எங்க தெருவுல வேற யாரும் கும்மி கொட்டுனதே இல்லய்யா. எங்கம்மா கொட்டல, எங்க மாமியா கொட்டல. நான் ஒருத்திதான் போயித் தப்பாத் தட்டுனேன். தறியில கெடந்த கை, காலுக்குக் காத்துக்கிட்டு நிக்கிது, அவ்வளவுதான். அதச் சரி பண்ணணும்னுதான் காசு கட்டி வந்தேன்."

"தப்பாவே இருந்தாலும் அதுல ஒரு அழகு இருக்கேம்மா."

"ஒரு இழைய மாத்திக் கோத்துட்டா சேலையில கோடு விழும். புது டிசைனுன்னு சொல்லி வித்துறலாம், வாங்குறவுகளுக்குத் தெரியாது. நெய்தவளுக்குத் தெரியும்ல?" அவள் பிச்சையம்மாள் இருந்த பக்கம் கையைக் காட்டினாள். "டீச்சரக் கூப்பிட்டுக் கேளுங்க."

பிச்சையம்மாளைக் கூப்பிட்டார்கள். இத்தனை பெரிய படிப்புப் படித்தவர் முன்னால் நின்று பேச அவளுக்குப் பயம். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள்: "தப்புத்தான் சார். அக்கா திருத்திட்டாக. நேத்தே வட்டத்துல சேத்துட்டேன்."

"எழுதிட்டேனேம்மா" என்றார் பொன்ராஜ், நோட்டைக் காட்டி, கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி.

"மொத நாளு பழுப்பு நோட்டுல எழுதுனதையும் அடிச்சீங்கள்லய்யா. இதையும் அடிங்க. என் தப்ப எழுதி வைக்காதீங்க."

பொன்ராஜ் அன்றைக்கு அடித்தாரா என்று தெரியாது. நோட்டை மூடி வைத்துக்கொண்டார். நாலு நாள் கண்ட கனவு கலைந்தால் யாருக்கும் வருத்தம் இருக்கத்தான் செய்யும். தனி மைக் என்ற பேச்சு அத்தோடு நின்றது.

பத்தாம் நாள் சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் மணல் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். திருச்சுழிச் சனம் பாதி வந்துவிட்டது. அப்பாசாமி அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து, யாருக்கும் தெரியாத மாதிரிப் பின்வரிசையில் நின்றான். பிச்சையம்மாள் எடுத்துக் கொடுக்க, வட்டம் நகர்ந்தது. செல்லக்கிளிக்கும் இன்னொரு டீச்சருக்கும் நடுவில் சௌடம்மாள். முதல் இரண்டு சுற்றுக்கு அவள் வாயில் பாட்டே வரவில்லை, காலை முந்தி வைப்பதிலேயே உயிர் இருந்தது. மூன்றாவது சுற்றில் பாட்டு வந்தது. அரைமணி நேரம் கொட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

முடிந்ததும் பொன்ராஜ், கும்மியைப் பதிவு செய்திருந்த டேப்பைத் திருப்பிப் போட்டார். தங்கள் குரலைத் தாங்களே அதுவரை கேட்டிராத சனம் ரிக்கார்டர் இருந்த நாற்காலியைச் சுற்றி நெருக்கியடித்தது. "இந்தா, இது என் தொண்டை" என்று செல்லக்கிளி குதித்தாள். பொன்ராஜ் காதைப் பக்கத்தில் கொண்டுபோய்த் தலையைச் சாய்த்துக் கேட்டார். என்ன தேடுகிறார் என்று சௌடம்மாளுக்குத் தெரியும். அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையேதான் தேடினாள். பாட்டு வந்தது, தட்டு விழுந்தது. அத்தனை கைக்கும் ஒரே சத்தம். அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அடுத்த தட்டு, அதற்கடுத்த தட்டு, ஒன்றும் இல்லை.

"உங்க கை கேக்கவே இல்லையேம்மா" என்றார் பொன்ராஜ்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்திருந்த அப்பாசாமியும் குனிந்து கேட்டுப் பார்த்தான். "இதுல உன்னோட தட்டு எது?" என்று வீட்டுப் பேச்சில் கேட்டான்.

தெரியவில்லை என்றாள் சௌடம்மாள். சொல்லும்போதே கண்ணில் நீர் கட்டிவிட்டது. அதைத் துடைக்காமலே பொன்ராஜ் பக்கம் திரும்பி, "அய்யா, இன்னொருக்கப் போடுங்க" என்றாள்.